வற்றிய ஏரியை ஒருமுறை பறந்து அளந்தால் போதும்: ட்ரோன், செயற்கைக்கோள், ஜிஐஎஸ் முழு வழிகாட்டி

எங்கள் ஏரியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். கரையோரம் தோப்பு வைத்திருப்பவர், "மதகுக் கல்லு முங்குச்சுன்னா ரெண்டு போகத்துக்குக் காணுமுங்க" என்பார். பஞ்சாயத்துக் கோப்பில் ஒரு எண் இருக்கும். யார் எப்போது அளந்தது என்று அதில் இருக்காது. கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் இருப்பவர்களுக்கு இது பொழுதுபோகாமல் கேட்கிற கேள்வி இல்லை. பாலக்காட்டின் மேற்குப் பக்கம் ஆனி ஆடியில் நனைந்து ஊறும்போது கணவாயின் இந்தப் பக்கம் தூறலும் காற்றுமாகப் போய்விடும். சித்தூர் பிளாக், அளவுக்கு மீறி நிலத்தடி நீர் எடுத்த பகுதியாக அரசுக் கணக்கெடுப்புகளில் பதிவான இடம். நிலத்தடி நீருக்காகக் கோக்ககோலா ஆலையை எதிர்த்துப் போராடிய பிளாச்சிமடையும் இதே தாலுகாவில்தான் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு நீங்களே அளந்து பதில் சொல்லும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரி மாணவர்கள், பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் நடத்துகிற ஆசிரியர்கள், பஞ்சாயத்து உறுப்பினர்கள் யாரும் செய்யலாம். திட்டம் சின்னது. ஏரி வற்றிக் கிடக்கும் ஏப்ரலில் ட்ரோன் பறக்கவிட்டு, அடித்தரையின் மேடுபள்ளத்தை ஒரே ஒரு முறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஏரி நிறைந்த பிறகு, இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர்ப் பரப்பை மட்டும் பாருங்கள். பரப்பு தெரிந்தால் மட்டம் தெரியும், மட்டம் தெரிந்தால் கொள்ளளவு தெரியும். மாதாமாதம் ட்ரோன் பறக்கவிட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் புதுப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஹார்டு டிஸ்க் நிரப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதலில் நடந்து பாருங்கள்

பறப்பதற்கு முன்னால் இரண்டு நாள் நடக்க வேண்டும். கைப்பேசியில் க்யூஃபீல்டு செயலி போட்டுக்கொள்ளுங்கள். கணினியில் இருக்கும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட (ஜிஐஎஸ்) மென்பொருளோடு அது நேராகச் சேரும். இரண்டுமே இலவசம். வரத்து வாய்க்கால் எங்கே ஆரம்பிக்கிறது, மதகு எத்தனை, உபரி நீர் வழியும் கலிங்கு எங்கே, எந்த இடத்தில் வாய்க்காலை மூடித் தென்னை வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ஒரு போட்டோ. கூடவே ஊரில் வயசான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் ஒரு வாய்க்காலைத் தேடி அரை நாள் அலைந்தேன்; கூட வந்த பெரியவர் ஒரு வீட்டுக் கோழிக்கூண்டைக் காட்டி, "இதுக்கு அடியில போகுதுங் தம்பி" என்றார். வானத்திலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அது தெரிந்திருக்காது.

பெயர் எழுதும்போது கவனம் வேண்டும். நாம் பள்ளம் என்று சொல்கிற ஓடை, வில்லேஜ் ஆபீஸ் பதிவில் தோடு என்று மலையாளத்தில் இருக்கும். நாம் ஏரி என்பது அங்கே சிறையாகவோ குளமாகவோ இருக்கும். அட்டவணையில் ஊர் வழக்குப் பெயருக்கு ஒரு பத்தி, பதிவுப் பெயருக்கு ஒரு பத்தி என்று இரண்டு வைத்துவிடுங்கள். இந்தத் தகவலை ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் சேமிக்காதீர்கள். பத்தியின் பெயர் பத்து எழுத்துக்குமேல் போனால் அது வெட்டிவிடும்; எழுத்துக் குறியாக்கம் சரியாக அமையாவிட்டால் தமிழும் மலையாளமும் கேள்விக்குறிகளாக மாறி நிற்கும். ஜியோபேக்கேஜ் வடிவத்தில் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

பழைய வரைபடம் தேடுபவர்களுக்கு இன்னொரு சேதி. பாலக்காடு தாலுகா மலபார் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்தது. சித்தூர் அப்போது கொச்சி சமஸ்தானம். மாநிலங்கள் பிரிந்த 1956 வரைக்கும் நிலப் பதிவுகள் வேறுவேறு கைகளில் வளர்ந்தவை. அதனால் ஏரியின் ஒரு கரைக்கு ஒரு விதமான சர்வே படமும், அடுத்த கரைக்கு வேறு அளவில் வேறு படமும் கிடைத்தால் திகைக்க வேண்டாம். இரண்டையும் க்யூஜிஐஎஸ்ஸில் ஜியோரெஃபரன்ஸ் செய்து, அதாவது பூமியில் அவற்றின் சரியான இடத்தில் பொருத்தி, அடுக்கிப் பாருங்கள். பொருத்துவதற்கு எல்லைக் கல், கோயில், பழைய மதகு மாதிரி இடம் மாறாத அடையாளங்களைப் பிடியுங்கள். ஆற்று வளைவை நம்பிப் பொருத்தாதீர்கள், ஆறு நகரும்.

பறக்க அனுமதி

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. 250 கிராம் வரை நானோ, அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ. வரைபட வேலைக்குப் பெரும்பாலும் மைக்ரோ போதும். ட்ரோனுக்குப் பதிவு செய்த தனி அடையாள எண் இருக்க வேண்டும். வணிக நோக்கம் இல்லாமல் மைக்ரோ பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்தால் தேவை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பாருங்கள். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதியில்லாமல் பறக்கலாம். மஞ்சள் என்றால் விமானக் கட்டுப்பாட்டு அனுமதி, சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதி. மண்டலம் மாறக்கூடியது, அதனால் பறக்கும் நாள் காலையிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வாளையார்க் காடு, பறம்பிக்குளம் மாதிரி வனத்துறை இடங்களுக்கு வரைபடம் என்ன நிறம் காட்டினாலும் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் கிளம்பக்கூடாது. எல்லை ஊர்களில் இரண்டு பக்கக் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது என் வழக்கம். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, சோதனைச்சாவடி பக்கத்தில் தலைக்குமேல் ஒன்று ரீங்கரித்தால் யாராவது கூப்பிடத்தான் செய்வார்கள். ஏரியில் குளிக்கிற பெண்களுக்கு முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். இதில் சமாதானமே கிடையாது.

எடுத்த படத்தையும் வரைபடத்தையும் வைத்துக்கொள்ள 2021 பிப்ரவரியில் வந்த புவித்தகவல் வழிகாட்டுதல்கள் இந்தியர்களுக்கு வழியைத் திறந்துவிட்டன. முன்பு மாதிரி ஒவ்வொன்றுக்கும் முன் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

மண்டலம் 43

சின்ன விஷயம், ஆனால் இதில் தடுக்கி விழாதவர் குறைவு. பரப்பும் கொள்ளளவும் கணக்கிட, டிகிரியில் இருக்கும் ஆயங்களை மீட்டருக்கு மாற்ற வேண்டும். அதற்கு, பூமியை ஆறு டிகிரிப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் நம் மண்டலத்தைத் தேர்ந்தெடுப்போம். கிழக்கு 72 டிகிரியிலிருந்து 78 வரை மண்டலம் 43, அதற்குக் கிழக்கே 44. பாலக்காடும் கோவையும் பொள்ளாச்சியும் 43இல் வரும், சென்னை 44. யூடியூபில் சென்னைக்காரர் போட்ட பாடத்தைப் பார்த்து அப்படியே 44 போட்டால், நம் ஏரி இலங்கைக்கு வடகிழக்கே வங்கக் கடலில் போய் மிதக்கும். க்யூஜிஐஎஸ்ஸில் திட்டத்தின் ஆய முறையாக மண்டலம் 43இன் குறியெண்ணான இபிஎஸ்ஜி 32643 என்று கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

பறப்புக் கணக்கு

எங்கள் ஏரி நிரம்பினால் ஏறத்தாழ 12 ஹெக்டேர், கிட்டத்தட்ட 30 ஏக்கர். அதை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஏரிக்கு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

ட்ரோன் கேமராவின் சென்சார் அகலம் 13.2 மி.மீ., லென்ஸின் குவியத் தூரம் 8.8 மி.மீ., படத்தின் அகலம் 5472 படப்புள்ளி என்று வையுங்கள். சென்சார் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் 1.5. அதாவது எந்த உயரத்தில் பறந்தாலும் அந்த உயரத்தின் ஒன்றரை மடங்கு அகலம் ஒரு படத்தில் விழும். 80 மீட்டர் உயரத்தில் 120 மீட்டர் அகலம், 80 மீட்டர் நீளம். 120 மீட்டரை 5472ஆல் வகுத்தால் ஒரு படப்புள்ளி தரையில் 2.2 செ.மீ. இந்த அளவு ஏரித் தரைக்குத் தாராளம்.

படங்கள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறியிருந்தால்தான் மென்பொருள் ஒரே புள்ளியைப் பல கோணத்தில் பார்த்து உயரத்தைக் கண்டுபிடிக்கும். முன்னும் பின்னும் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் வையுங்கள். அப்படியானால் 16 மீட்டருக்கு ஒரு படம், 36 மீட்டருக்கு ஒரு வரிசை. ஒரு படத்தின் பங்கு 576 சதுர மீட்டர். 1,20,000 சதுர மீட்டருக்கு 208 படம் வருகிறது. கரைக்கு வெளியேயும் ஒரு வரிசை சேர்த்து 280 என்று வையுங்கள். விநாடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால் மூன்று விநாடிக்கு ஒரு படம். திருப்பங்களையும் சேர்த்தால் ஒரு பேட்டரிக்குள் முடிந்தும் முடியாமலும் இருக்கும், இரண்டாவது பேட்டரியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் விநாடியில் 800இல் ஒரு பங்காவது வேண்டும்; அப்போது ட்ரோன் ஒரு படத்துக்குள் நகர்வது 6 மி.மீ.தான், மங்கல் வராது.

நேரத்தைக் காற்றுதான் முடிவு செய்யும். கணவாய்க் காற்று எப்படிப்பட்டது என்று கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளைக் கேட்டால் சொல்லும். காலை எட்டரைக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் இறக்கிவிடுவது நல்லது. உச்சி வெயிலில் நிழல் குறைவு என்று சிலர் பன்னிரண்டு மணிக்குப் பறக்கவிடுவார்கள். மிச்சமிருக்கும் குட்டையில் சூரியன் கண்ணாடி மாதிரி அடித்துப் படத்தைக் கெடுத்துவிடும். பனையும் தென்னையும் 30 மீட்டர் வரைகூட வளரும், அதனால் 80 மீட்டரில் பயமில்லை. திரும்பி இறங்கும் உயரத்தை மட்டும் 50 மீட்டருக்குக் குறையாமல் அமையுங்கள். பருந்து வட்டமிட ஆரம்பித்தால் வேலையை நிறுத்திவிடுங்கள், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன்: நேர்க்கீழாகப் பார்க்கும் படங்கள் முடிந்ததும், கேமராவைக் கொஞ்சம் சாய்த்து ஏரியைச் சுற்றி இருபது முப்பது படம் எடுங்கள். ஏன் என்பது இதோ வருகிறது.

தரைக் குறிகள், நான் வாங்கிய அடி

ட்ரோனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். ஆகவே தரையில் கறுப்பு வெள்ளைக் குறிகள் வைத்து, அவற்றின் இடத்தைத் துல்லியமான ஆர்டிகே ஜிபிஎஸ் கருவியால் அளக்க வேண்டும். அரை மீட்டர் சதுர ஃப்ளெக்ஸ் துண்டே போதும், மூலையில் கல் வையுங்கள், ஆடு மிதிக்காமல் பார்க்க ஒரு பையனை நிறுத்துங்கள். கருவியை நில அளவையாளர்களிடம் நாள் வாடகைக்கு எடுக்கலாம். திரையில் ஃபிக்ஸ் என்று வந்த பிறகே அளவைப் பதியுங்கள். ஃப்ளோட் என்று காட்டும்போது அவசரப்பட்டுப் பதிந்த எண் எதற்கும் உதவாது.

முதல் தடவை எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏரி நடுவில் சேறு இன்னும் காயவில்லை. செருப்பு மாட்டிக்கொள்ளும் என்று சோம்பல்பட்டு எட்டுக் குறிகளையும் கரை ஓரமாகவே வைத்துவிட்டேன். படம் அழகாக வந்தது. உயர வரைபடத்துக்கு நிறம் கொடுத்து அச்சடித்து டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். மாடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் டம்ளரோடு வந்து வெகுநேரம் பார்த்தார். "ஏனுங் தம்பி, நடுவுல மேடுன்னு போட்டிருக்குது? எருமை முங்கற எடமாச்சுங்களே அது."

அவர் சொன்னதுதான் சரி. குறி இல்லாத நடுப்பகுதியில், லென்ஸின் வளைவை மென்பொருள் சரியாக ஊகிக்காமல், தரை குடைபோல மேலே வீங்கியிருந்தது. ஓரத்தில் பிழை இல்லை, நடுவில் 40 செ.மீ., சராசரி 20 என்று வையுங்கள். 12 ஹெக்டேருக்கு 20 செ.மீ. என்றால் 24,000 கன மீட்டர், இரண்டு கோடியே நாற்பது லட்சம் லிட்டர். ஏரியில் பிடிக்கிற அவ்வளவு தண்ணீரைக் கணக்கில் தொலைத்துவிட்டேன்.

ஆகவே குறைந்தது ஐந்து குறி: நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று கட்டாயம். முடிந்தால் பத்து வைத்து, அதில் மூன்றை மென்பொருளுக்குக் கொடுக்காமல் தனியே வையுங்கள். கடைசியில் அந்த மூன்று இடத்திலும் வரைபடம் சொல்லும் உயரத்தைக் கருவி சொன்ன உயரத்தோடு ஒப்பிட்டால்தான் உங்கள் பிழை எவ்வளவு என்று தெரியும். சாய்த்து எடுத்த படங்களும் இந்த வீக்கத்தை அடக்கும்.

உயரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆர்டிகே கருவி தருவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரம். நமக்குத் தேவை கடல்மட்டத்திலிருந்து. இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்து, கடல்மட்டம் அந்தக் கணித வடிவத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் அதுதான். நாம் அதன் விளிம்பில் இருக்கிறோம். எனவே கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டர் உயரமான நம் ஊரில் கருவி அறுபதுக்குக் கீழே ஒரு எண் காட்டினால் கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஏரிக் கொள்ளளவுக்கு எல்லா உயரமும் ஒரே அடிப்படையில் இருந்தால் போதும். கலிங்கு மட்டத்தையும் மதகுக் கல்லையும் அதே கருவியால் அன்றே அளந்துவிடுங்கள். இந்த இரண்டு எண் இல்லாமல் வீட்டுக்கு வந்தால் மறுபடி வாடகை கொடுக்க வேண்டி வரும்.

படங்களைக் கோப்பது

படங்களைக் கோக்கும் வெப்ஓடிஎம் மென்பொருள் இலவசம். 280 படத்துக்கு 16 ஜிபி நினைவகம் உள்ள கணினி தேவை. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் இருக்கும். தரைக் குறி ஒவ்வொன்றையும் குறைந்தது ஐந்து படத்தில் கையால் தொட்டுக் காட்ட வேண்டும். கண் வலிக்கிற வேலை, வேறு வழியில்லை. வெளிவருவது இரண்டு: நேர்ப்படுத்திய ஒற்றைப் படம், உயரத் தளம். உயரத் தளத்தில் மரமும் புதரும் சேர்ந்துதான் வரும். தரையை மட்டும் பிரித்தெடுக்கும் தெரிவைப் போடுங்கள். காய்ந்த கோரைக்கும் புல்லுக்கும் அது உதவும். அடர்ந்த சீமைக்கருவேலத்துக்குள் கேமராவுக்குத் தரையே தெரியாது, அந்தப் பகுதியைக் கம்பு ஊன்றி ஆர்டிகே கருவியால் நேரில்தான் அளக்க வேண்டும். மிச்சமிருக்கும் குட்டைக்கும் இதே வழிதான். தண்ணீர்ப் பரப்பில் மென்பொருள் தரும் உயரம் கற்பனை.

2.2 செ.மீ. படப்புள்ளிக்கு உயரப் பிழை 5 செ.மீ. அருகே வந்தால் நல்ல வேலை. 12 ஹெக்டேருக்கு அது 6,000 கன மீட்டர். இந்த எண்ணை மறைக்காமல் முடிவோடு சேர்த்து எழுதுங்கள்.

கொள்ளளவு அட்டவணை

க்யூஜிஐஎஸ் கருவிப்பெட்டியில் ராஸ்டர் சர்ஃபேஸ் வால்யூம் என்று ஒன்று இருக்கிறது. முதலில் உயரத் தளத்தை ஏரியின் எல்லைக் கோட்டுக்குள் வெட்டிக்கொள்ளுங்கள். கரைக்கு வெளியே இருக்கும் வயல் ஏரித் தரையைவிடத் தாழ்வாக இருக்கும், வெட்டாவிட்டால் அதையும் ஏரியாக எண்ணிவிடும். அப்புறம் அடிப்படை மட்டமாகக் கலிங்கு உயரத்தைக் கொடுத்து, அதற்குக் கீழே உள்ளதை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். பரப்பும் கன அளவும் வரும். 25 செ.மீ. குறைத்து மறுபடி, இன்னொரு 25 குறைத்து மறுபடி. அடிவரைக்கும் போனால் பத்து வரி அட்டவணை ஒன்று கையில் இருக்கும்: மட்டம், பரப்பு, கொள்ளளவு.

எங்கள் ஏரிக்குக் கலிங்கு மட்டத்தில் வந்தது சுமார் 1,50,000 கன மீட்டர். நீர்ப்பாசனத் துறைக்காரர்களிடம் பேசும்போது மில்லியன் கன அடியில் சொன்னால்தான் தலையாட்டுவார்கள், 35.3ஆல் பெருக்குங்கள், 5.3 மில்லியன் கன அடி. பறம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருடம் தர வேண்டியது 7.25 டிஎம்சி, அதாவது 7,250 மில்லியன் கன அடி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் ஏரி எவ்வளவு சின்னது என்பதும், மூலத்தறைத் தடுப்பணையில் ஒரு நாள் ஷட்டர் திறப்பதற்கு ஏன் இவ்வளவு சண்டை என்பதும் புரியும்.

வருடம் முழுக்கச் செயற்கைக்கோள்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை முற்பகலில் நம்மைத் தாண்டுகிறது. ஒரு படப்புள்ளி 10 மீட்டர். இலவசமாகப் பதிவிறக்கலாம். வளிமண்டலத் திருத்தம் செய்த எல்2ஏ வகையை எடுங்கள்.

தண்ணீர் அண்மை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பும். இந்தக் குணத்தை வைத்துத்தான் நீர்க்குறியீடு. பச்சைப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சென்டினலில் 3ஆம் பட்டையும் 8ஆம் பட்டையும். விடை சுழிக்குமேல் இருந்தால் பெரும்பாலும் தண்ணீர். 2022 ஜனவரி கடைசியிலிருந்து வரும் படங்களில் ஒவ்வொரு எண்ணிலும் 1000 கூடுதலாகச் சேர்ந்திருக்கும். கழித்துவிட்டுத்தான் கணக்கில் போட வேண்டும். கழிக்காமல் பழைய படத்தோடு ஒப்பிட்டு, ஏரி திடீரென்று மாறிவிட்டது என்று ப்ராஜெக்ட் அறிக்கை எழுதிய பிள்ளைகள் உண்டு.

கலங்கலான தண்ணீருக்குச் சுழி என்ற எல்லை பொருந்தாமல் போகலாம். செயற்கைக்கோள் வருகிற நாளில் கைப்பேசியோடு தண்ணீர் ஓரமாக ஒரு சுற்று நடந்து கோடு எடுத்துவிடுங்கள். அந்தக் கோட்டோடு ஒத்துப்போகும்வரை எல்லையை மேலும் கீழும் நகர்த்துங்கள். 12 ஹெக்டேர் என்பது 1,200 படப்புள்ளி. அதில் கரையோரமாகப் பாதி தண்ணீரும் பாதி மண்ணுமாக இருப்பவை நூற்று நாற்பது வரை வரும். ஐந்தாறு சதவீதம் பிழை அதிலேயே போய்விடுகிறது. ஒரு ஏக்கர் குளத்துக்கு மொத்தமே நாற்பது படப்புள்ளிதான், அதற்கு இந்த முறை வேண்டாம்.

பெரிய ஏமாற்று ஆகாயத்தாமரை. ஏரி தளும்பத் தளும்ப நிற்கும், மேலே பச்சைப் போர்வை. செயற்கைக்கோளுக்கு அது வயல். ஒரு மாசி மாதம் என் கணக்கில் எங்கள் ஏரி பாதியாகச் சுருங்கியிருந்தது; நேரில் போனால் மதகுக் கல் முங்கிக் கிடக்கிறது. இதற்கு ஒரே மருந்து, ஒவ்வொரு படத்தையும் இயல்பு நிறத்தில் ஒருமுறை கண்ணால் பார்ப்பது. ஏரி எல்லைக்குள் பச்சை இருந்தால் கையால் வரைந்து தண்ணீரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் மேகம் விடாது. மேகத்தைத் துளைக்கும் ரேடார் படம் சென்டினல்-1 தருகிறது, அதில் அமைதியான தண்ணீர் கறுப்பாகத் தெரியும். நம் ஊரில் தென்மேற்குக் காற்று அலையெழுப்பினால் தண்ணீர் சாம்பலாகித் தரையோடு கலந்துவிடும். ஜூன், ஜூலையில் ரேடாரை நான் அரை நம்பிக்கையோடுதான் பார்க்கிறேன்.

பத்து வருடத்துக்கு முந்தைய நிலவரம் வேண்டுமானால் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள். 30 மீட்டர் படப்புள்ளி, 1980களிலிருந்து கிடைக்கும். ஏரி இருந்ததா, வரண்டதா என்று சொல்லும். கொள்ளளவுக்கு அதை இழுக்காதீர்கள்.

எங்கிருந்து தண்ணீர் வருகிறது

நீர்ப்பிடிப்புப் பகுதி வரைவது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே ஒரு எச்சரிக்கை மட்டும். நாசாவின் எஸ்ஆர்டிஎம், இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் கிடைக்கும் கார்ட்டோடெம் என்ற இலவச உயரத் தளங்கள் இரண்டும் 30 மீட்டர் படப்புள்ளி. சித்தூர்ச் சமவெளியில் அதை அப்படியே ஓடவிட்டால் தண்ணீர் இல்லாத பக்கம் ஓடும், ஏனென்றால் நம் வாய்க்கால்கள் மனிதர் வெட்டியவை, மேட்டைக் குறுக்கே தாண்டிப் போகிறவை. முதல் இரண்டு நாள் நடந்து வரைந்த வாய்க்கால் கோடுகள் இப்போதுதான் கைகொடுக்கும்; அவற்றை உயரத் தளத்தில் பள்ளமாகப் பதித்துவிட்டு ஓட்டுங்கள். பாதி நீர்ப்பிடிப்பு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும். மாநில அரசின் நிலப்பயன்பாட்டு வரைபடமோ எல்லைக் கோட்டோடு நின்று, மீதி வெள்ளையாகக் கிடக்கும். தமிழ்நாட்டு வரைபடத்தை வாங்கி ஒட்டும்போது வகைப் பெயர்களை முதலில் ஒரே அட்டவணைக்குக் கொண்டுவாருங்கள்.

சுவரில் ஒட்டுவது

ஏ3 தாளில், தமிழிலும் மலையாளத்திலும் பெயர் போட்டு, அளவுகோலும் தேதியும் பிழையும் அச்சிட்டு ஒட்டுங்கள். ஆக்கிரமித்தவர் பெயரையும் தனியார் கிணறுகளையும் வரைபடத்தில் போடாதீர்கள். அது பஞ்சாயத்துக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியது.

மதகுக் கல்லில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயிண்டால் போட்டு, ஆர்டிகே அளவோடு சேர்த்துவிட்டோம். டீக்கடைக்காரர் காலையில் பால் வாங்கப் போகும்போது கோட்டைப் பார்த்து நாள்காட்டித் தாளில் எழுதிவைக்கிறார். மாதக் கடைசியில் அந்தத் தாள்களையும் என் செயற்கைக்கோள் மட்டத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறோம். நவம்பரில் இரண்டும் 8 செ.மீ. வித்தியாசத்தில் வந்தன, டிசம்பரில் 11. ஜனவரியில் 30க்கு மேல் போனது. அவருடைய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன், ஆகாயத்தாமரை மறுபடி வந்திருந்தது.